நின்னவாக்குல போறவங்க

“நம்ம வீட்டு ஆம்பளைங்க படுத்துக் கெடந்து போறவங்க இல்லடா. நின்னவாக்குல போறவங்க. அதனால...”

எங்கள் பெரியப்பாவின் பேச்சு சார் இது. அந்த ‘அதனால’வுக்குப் பிறகு என்ன வரும் என்பது எனக்கு மறந்துபோயிற்று. ஏதோ வரும். கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் கூடினால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். எனக்கு முன்பாதிதான் தங்கியிருக்கிறது. அதுவே போதும் என்றுதான் தோன்றுகிறது. கேட்கவே நிமிர்வாக இல்லை?

பெட்டியைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்கா என்று கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன். சிங்கப்பூருக்கு. போவது நானில்லை. அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறானே நீலச் சட்டை, அவன். என் மகன் இளமாறன். புதுக்கோட்டையிலேயே பஸ் நிறைந்துவிட்டது. சேர்ந்து உட்கார இடமில்லை.

“மாறா! தண்ணி குடிச்சியா?”

கையைத் தூக்கிக் காட்டுகிறான் பாருங்கள். குடித்தாயிற்றாம்.

பட்டாளத்துக்குப் போகிறான் சார். அங்கே அதைத் தேசிய சேவை என்பார்கள். நிரந்தரவாசியின் மகனாக அந்த ஊரில் வளர்ந்த பையன் பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் போய்த்தான் ஆகவேண்டும். அடுத்த வாரம் படகில் ஏற்றி ஒரு தீவுக்குக் கொண்டுபோவார்கள். முடி வெட்டுவார்கள், துப்பாக்கி கொடுப்பார்கள், மனிதனாக்கித் திருப்பித் தருவார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுகிறேன், இந்த வயதில். ‘ஓடி வாடா’ என்று கத்துகிறேன். அவன் நடந்து வருகிறான். கண்டக்டர் என்ன சொன்னார்? ‘வாங்க மகாராசா, கம்பளம் விரிக்கச் சொல்லட்டுமா?’ பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. பட்டாளத்துக்குப் போகிறவன் ஒரு பஸ்ஸுக்கு ஓடமாட்டேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அவன் அம்மா வேலை அது. எதற்கும் ஓடமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிவைத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் பஸ்ஸுக்கு ஓடாதவர்கள் கிடையாது. எங்கள் அண்ணன் ஓடித்தான் ஏறினார். இதே தடம். ஏறிவிட்டார், அதைச் சொல்லவேண்டும், விடவில்லை. ஏறிக் கம்பியைப் பிடித்தார், பிடித்தபடியே போய்விட்டார். கீரனூர் வருகிறவரை பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவே இல்லையாம், அவ்வளவு கூட்டம். என் சித்தப்பா பொங்கல் விளையாட்டில், கபடிக் கோட்டைத் தொட்டுவிட்டுப் போனார். பாயிண்ட் எங்கள் தெருவுக்குத்தான். பெரியப்பா சும்மாவா சொன்னார்?

அதை விடுங்கள். நான் சொல்லவந்தது கிடங்கைப் பற்றி.

சிங்கப்பூரில் என் வாழ்க்கையே கிடங்குதான் சார். ஜூரோங்கில் சாமான் தூக்கப் போனவன், பிறகு ஸ்டோர்மேன், பிறகு சூப்பர்வைசர். மூன்று வருஷம் முன்னால் போதும் என்று தோன்றியது, குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டேன். பட்டாள வயதில் பையன் திரும்பி வருவான் என்று எழுதிக்கொடுத்து, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். கிளம்புகிற அன்று மதியச் சாப்பாட்டில் என் மேனேஜர், கோ என்று ஒரு சீனர், எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்களெல்லாம் இப்படித்தான். பையனுக்கு மீசை முளைக்கும்போது உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.”

தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன் சார். எத்தனை வருஷம் அந்த மனிதருக்கு முன்னால் நின்று வேலை பார்த்தேன். மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பப் பயந்து ஓடிப்போகிறவனாம் நான். அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன், இவன் வருவான், வந்து அணிவகுப்பில் நிற்பான், அந்தப் போட்டோவை கோவுக்கு நானே அனுப்புவேன் என்று.

ஆனால் பையன் எப்படி என்று தெரியவேண்டாமா? ஏசியில் வளர்ந்தவன். அதற்குத்தான் கிடங்கு. என்னைக் கேட்டால் கிடங்கும் பட்டாளமும் ஒன்றுதான். விசில் அடித்தால் எழு, சொன்னதைத் தூக்கு, ஏன் என்று கேட்காதே. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு விராலிமலைப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்த்துவிட்டேன். குக்கர், செருப்பு, அரிசி மூட்டை, நாம் போனில் எதைத் தட்டினாலும் அங்கிருந்துதான் வருகிறது. தகரக் கூரை. சித்திரை மாதம். மணிக்கட்டில் ஒரு ஸ்கேனரைக் கட்டிவிடுவார்கள். எந்த வரிசை, எந்த அடுக்கு, எத்தனை நொடி என்று அது காட்டும். அதற்குள் எடுக்காவிட்டால் கீச்சென்று கத்தும்.

இவன் கையில் அது கத்திக்கொண்டே இருந்ததாம். கூட வேலை பார்க்கிற பையன்கள் இவனுக்கு ‘ஏசி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “டேய், ஏசி வந்துட்டாப்ல, கதவச் சாத்துங்கடா, கூலிங் போயிரும்!” இவன் சளைக்கமாட்டான். “கரண்ட் பில்லு யாருண்ணே கட்டுறது?” என்பானாம். வாய் மட்டும் குறைவில்லை.

அங்கே ஷிப்ட் இன்சார்ஜ் சவரிமுத்து என்று ஒருவர். காலாட்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் பக்கத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்கள் எல்லாம் முதலில் அவரிடம் ஒரு கோடை வேலை பார்ப்பார்கள். அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். கத்திரி வெயில் முடிகிற அன்றைக்கு, கடைசிவரை தாக்குப்பிடித்த பையன்களைக் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்துவார். பெட்டியில் இருந்து தன் பழைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று சல்யூட் அடிப்பார். அவர் அடிப்பார் சார், பையன்களுக்கு! அந்த ஒரு சல்யூட்டுக்காக உயிரை விடுவான்கள்.

அது என் மகனுக்கு வேண்டும் என்று நினைத்தேன். தப்பா?

முதல் நாளே அவரிடம் கேட்டேன். “இங்க தாங்குனா அங்க தாங்குவானா?”

“இந்தத் தகரத்துக்கு அடியில ஒரு கோடை தாங்குனவன் எந்தப் பட்டாளத்துலயும் தாங்குவான் சார்.”

“தாங்கலேன்னா?”

சிரித்தார். “அவனும் அங்க தாங்குவான். அங்க விழுந்தா தூக்க ஆளு இருக்கு. இங்க விழுந்தா டிராலிக்காரன் வளைச்சு ஓட்டிட்டுப் போயிருவான்.”

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

இவன் சாயங்காலம் வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். “அப்பா, எனக்கு மூச்சு வாங்கலப்பா. வாங்குனாப் பரவால்ல. நின்னு நின்னு வருது” என்பான். இன்னொரு நாள், “நெஞ்சுக்குள்ள யாரோ வேகமா மாடிப்படி எறங்குற மாதிரி இருக்குப்பா. கடைசிப் படி இல்லாத மாதிரி” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எறங்குறது யாருன்னு பாரு, வாடகை கேளு” என்றேன். அவனும் சிரித்தான். உதடு மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அரிசி மூட்டைத் தூசி.

எனக்கே பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் மத்தியானம் அவனுக்குத் தெரியாமல் போய் கேட் பக்கம் நின்றேன். இரும்புப் படி, மேல்தட்டுக்கு ஏறுகிறான், தோளில் மூட்டை. கையில் ஸ்கேனர் கத்துகிறது. அவசரமாக ஏறினான், அது ஒரு நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். மேலே போய் நின்றான். மூட்டையை இறக்கினான். இறக்கிவிட்டு அப்படியே விழுந்தான்.

எனக்குக் கோபம் எதற்கு வந்தது என்றால், கையை ஊன்றவில்லை சார். நாமெல்லாம் தடுக்கினால் கை முன்னால் போகாதா? அவன் முகத்தால் விழுகிறான். ஒரு அக்கறை வேண்டாமா தன் உடம்பின் மேல்? அவ்வளவு அலட்சியம். டிராலி தள்ளிக்கொண்டு வந்தவன் வளைத்து ஓட்டிக்கொண்டு போனான், சவரிமுத்து சொன்னது மாதிரியே. ஏசி என்று கூப்பிட்ட அதே பையன்கள்தான் தூக்கினார்கள். ஒருத்தன் அழுதுகொண்டே கன்னத்தில் தட்டினான். நான் மேலே ஏறிப்போய் நின்ற பிறகுதான் கண் திறந்து, என்னைப் பார்த்து, “எப்ப வந்தீங்கப்பா? சாப்பிட்டீங்களா?” என்கிறான். ஒன்றுமே நடக்காத மாதிரி.

சவரிமுத்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

“சார், நாளையிலேர்ந்து இவன அனுப்பாதீங்க.”

“ஏன், சோம்பேறிங்களா?”

“சோம்பேறி எடம் பாத்து விழுவான் சார். இவன் அப்படி விழல. எங்க யூனிட்ல ஒருத்தன், ஓட்டம் முடிஞ்சு...” என்று ஒரு கதை ஆரம்பித்தார். பட்டாளத்துக்காரர்களிடம் கதைக்கா பஞ்சம்? நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். பின்னால் ஓடிவந்து, “பட்டாளமும் வேணாம் சார்!” என்று கத்தினார். முதல் நாள் அவர் சொன்னதற்கு இது நேர்மாறு. பேச்சில் ஒரு நிலை வேண்டாமா மனிதனுக்கு?

கத்திரி முடிந்த அன்று கேட்டுக்கு வெளியே வரிசை நின்றிருக்கும். நாங்கள் போகவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நிதானமாக யோசித்தேன் சார், நான் அப்படி யோசிக்கிறவன்தான். கிடங்கு வேறு, பட்டாளம் வேறு. கிடங்கில் மெஷினுக்குப் பின்னால் தனியாக ஓடுகிறோம். பட்டாளத்தில் பக்கத்தில் நாலு பேர் ஓடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், டாக்டர் இருப்பார், ஆம்புலன்ஸ் பின்னாலேயே வரும். ஆகவே கிடங்கில் திணறுகிறவன் பட்டாளத்திலும் திணறுவான் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. இது ஒரு பரீட்சையே இல்லை. இதை அவனிடமும் சொன்னேன், தெம்பு வரட்டும் என்று.

“பாஸானா பரீட்சை, ஃபெயிலானா பரீட்சை இல்லியாப்பா?” என்றான்.

அதுதான் சொன்னேனே, வாய்.

பிறகு, “நீங்க போகச் சொன்னாப் போறேன்பா” என்றான். அந்த வார்த்தைக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லவில்லை. சொன்னால் தளர்ந்துவிடுவான்கள்.

வீட்டில்தான் பிரச்சினை. தமயந்தி, என் மனைவி, அவன் விழுந்ததை எங்கள் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். அக்கா பிடித்துக்கொண்டாள். “பெரியப்பா சொன்னத மறந்துட்டியாடா? ‘அதனால புள்ளைங்கள ஓட்டத்துல சேக்காதீங்க’ன்னுதானேடா முடிப்பாரு? பள்ளிக்கூடத்துல வாத்தியாருகிட்ட வந்து சொல்லி உன்னையவே உக்கார வச்சாரே!” அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை சார். அக்கா எதற்கும் பயப்படுகிறவள். பள்ளிக்கூடத்தில் ஓடியதாகவும் எனக்கு ஞாபகமில்லை, அது வேறு விஷயம்.

பட்டாளத்துக்கான செக்கப் எல்லாம் போன டிசம்பரிலேயே சிங்கப்பூர் போய் முடித்துவிட்டு வந்தான். படுக்கவைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். சுத்தம். படுத்திருந்தால் அவனுக்கு ஒன்றுமே கிடையாது சார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்களாம். இல்லை என்று சொல்லும்படி முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தேன். பொய்யா அது? சித்தப்பா விளையாட்டில் போனார், அண்ணன் பஸ்ஸில் போனார். வியாதியில் போனால்தானே வியாதி? இருக்கிறது என்றால் சில பேரை ஓடவிட்டு மறுபடி பார்ப்பார்களாம். இவனுக்கு அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று. கிடங்கில் விழுந்ததை அங்கே எழுதித் தெரிவிக்கவேண்டும் என்றாள் தமயந்தி. வெயிலில் மயங்கினதையெல்லாமா எழுதுவார்கள்?

கீரனூர் தாண்டிவிட்டோமா? பேச்சில் கவனிக்கவில்லை.

எதற்கு அவனையே பார்க்கிறீர்கள்? தூங்குகிறான். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவான், சின்ன வயதிலிருந்தே.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இன்றைக்குப் பதினொரு மணிக்குத் திருச்சியில் ஒரு இருதய டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். “டாக்டர் சரின்னா நானே ஏர்போர்ட்டுக்கு வந்து கையக் காட்டுறேன். சரியில்லேன்னா எம்புள்ள எனக்கு வேணுங்க” என்றாள். சரி என்றேன். அவளும் என் மச்சானும் விடியலிலேயே காரில் கிளம்பிவிட்டார்கள், டோக்கன் போட. காரில் எங்களுக்கும் இடம் இருந்தது. நான்தான், பெட்டி இருக்கிறது, நெருக்கடி எதற்கு, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம், அப்பனும் மகனும் கொஞ்சம் பேசிக்கொண்டு வரலாம் என்றேன். அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிக்கெட் திருச்சி டவுனுக்குத்தான் எடுத்திருக்கிறேன், இதோ பாருங்கள். ஆனால் இந்தத் தடத்தில் ஏர்போர்ட் முதலில் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி அதற்கு அப்பால். அப்படி அமைந்திருக்கிறது ஊர்.

பொறுங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். அடிக்கட்டும். பஸ்ஸில் காது கேட்காது என்று அவளுக்கே தெரியும்.

நான் இருபது வருஷம் சரக்குப் பார்த்தவன் சார். எல்லாப் பெட்டியும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் எதிலாவது ஒரு கீறல் இருக்கும். அதனால்தான் பிரிக்கமாட்டோம். சீல் சரியாக இருந்தால் ஏற்றிவிடுவோம். டாக்டர் என்றால் பிரிக்கத்தான் செய்வார். தேடினால் ஏதாவது கிடைக்கும், கிடைத்தால் எழுதுவார், எழுதினால் அது வாழ்நாளுக்கும் அவன் கூடவே வரும். இங்கே ‘ஏசி’, அங்கே ‘நெஞ்சு நோவுக்காரன்’. கோவுக்கு அது போதும்.

நீங்களும் ‘ஒரு எட்டு பாத்துட்டே போயிருங்களேன்’ என்றுதான் சொல்லப்போகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களுக்குப் பையன் இருக்கிறானா? இரண்டும் பெண்ணா. அப்போது விடுங்கள், உங்களுக்குப் புரியாது.

மாத்தூரும் போயிற்று. காற்று எப்படி அடிக்கிறது பாருங்கள். இந்தக் காற்றில் யாருக்கும் தூக்கம் வரும்.

“மாறா!”

கேட்கவில்லை போலிருக்கிறது.

“மாறா, டேய்! எந்திரி!”

அவன் பக்கத்தில் இருக்கிற அம்மாவைக் கொஞ்சம் தட்டச் சொல்லுங்கள். “ஏம்மா, அந்தப் பையன... ஆமா, அவனத்தான்.” நீங்கள் எதற்கு சார் எழுந்து நிற்கிறீர்கள்? உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேனே. அவன் தூக்கமே அப்படித்தான். வீட்டில் எழுப்பினால்கூட...

அதோ. தலையைத் தூக்கிவிட்டான். நான் சொல்லவில்லை? சிரிக்கிறான் பாருங்கள். உதடு வெளுத்திருக்கிறது என்கிறீர்களா? ஜன்னல் வெளிச்சம் சார் அது.

மறுபடி போன். பையிலேயே இருக்கட்டும்.

கண்டக்டர் முன்பக்கம் கத்த ஆரம்பித்துவிட்டார். மகன் திரும்பிக் கேட்கிறான், உங்களுக்கும் கேட்டிருக்கும். “எங்கப்பா எறங்கணும்?” நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறான். அவன் அம்மா இருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பான். இன்றைக்கு என்னைக் கேட்கிறான்.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் சார், பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

“கண்டக்டர் சார், நிறுத்திக்கங்க. ஏர்போர்ட்ல ரெண்டு பேரு எறங்குறோம்.”